சற்றே மாறுபடக்கூடும்

10 ஜூன் 2025, செவ்வாய்

கங்கைகொண்டான் போகும் கம்பெனி பஸ்ஸில் ஜன்னல் சீட்டு கிடைத்தது. குற்றாலத்தில் சாரல் என்று பஸ் முழுக்கப் பேச்சு. பஸ்ஸுக்குள் ஏசி வேலை செய்யவில்லை.

ஆங்கில இலக்கியத்தில் எம்.ஏ. படித்தவனுக்கு இரண்டு வேலைகள் உண்டு. ஒன்று, இன்னும் நாலு பேரை ஆங்கில இலக்கியத்தில் எம்.ஏ. படிக்க வைப்பது. மற்றது என்னுடையது: மென்பொருள் கம்பெனியில், யாரும் வாசிக்காத பக்கங்களை எழுதுவது. எங்கள் சரக்கு ஒரு கவரேஜ் டூல். ஒரு ப்ரோகிராமைச் சோதிக்கும்போது அதன் எந்தெந்த வரிகள் உண்மையிலேயே ஓடின என்று அது காட்டும். ஓடிய வரி பச்சை. ஓடாதது சிவப்பு, அதாவது, அந்த இடத்தை இன்னும் யாரும் சோதிக்கவில்லை. ப்ரோகிராமை கம்ப்யூட்டருக்குப் புரியும் மொழிக்கு மாற்றுவது கம்பைலர். இந்த டூல் எந்த கம்பைலரோடு ஒத்துப்போகும், எதோடு போகாது, எங்களுக்கே தெரிந்த குறைகள் என்னென்ன என்று எங்கள் வெப்சைட்டில் ஒரு பக்கம் உண்டு. அதற்கு நான் பொறுப்பு.

டூலை எழுதுகிறவர்களில் ஒருவனான தானியேல் மத்தியானம் என் மேஜைக்கு வந்தான். முகம் சரியில்லை.

"அண்ணாச்சி, கம்பைலர் ஒம்பதாம் வெர்ஷன்ல நம்ம டூலு பொய் சொல்லுது. ஓடாத வரியவும் பச்சைங்குது."

"எல்லா வரியையுமா?"

"அப்படின்னா பாத்ததும் தெரிஞ்சிரும்லா. அங்கன ஒண்ணு, இங்கன ஒண்ணு. அதான் வெவகாரமே."

சரிசெய்ய மூன்று மாதமாகுமாம். என் பொறுப்பிலுள்ள அந்தப் பக்கத்தில் உடனே எழுதிவைத்தேன். ஆங்கிலத்தில் எழுதியது, இங்கே தமிழில்: "ஒன்பதாம் வெர்ஷனில் ஓடாத வரிகளும் ஓடியதாகக் காட்டப்படும். அந்த ரிப்போர்ட்டை நம்பிக் கையெழுத்திட வேண்டாம்."

13 ஜூன், வெள்ளி

மேனேஜர் தேவசிகாமணி சார் கூப்பிட்டார். பக்கத்தைப் பிரிண்ட் எடுத்து மேஜையில் வைத்திருந்தார். யாரோ ஒருவர் வாசிக்கிறார் என்ற மகிழ்ச்சி ஒரு நிமிஷம்தான் நீடித்தது.

"நம்ப வேண்டாம்னு எவனாவது தன் கடை போர்டுலயே எழுதி வைப்பானாவே? எழுதாம விடச் சொல்லல. மறைக்கது தப்பு. பைய, பதமா எழுதும்." கொஞ்சம் நிறுத்திவிட்டு, "ஒம்ம வீட்டம்மா கம்பெனியும் நம்ம கஸ்டமருதான். வீட்லயும் மூச்சு விடக்கூடாது. என்ன?"

பதமாக எழுதினேன்: "சில அமைப்புகளில், அரிதான சூழல்களில், ரிப்போர்ட்டின் நிறங்கள் எதிர்பார்ப்பிலிருந்து சற்றே மாறுபடக்கூடும்."

குற்றம் இல்லை, செய்தவன் இல்லை, ஒன்பது என்ற எண்ணும் இல்லை. பதினோரு வருஷ அனுபவம் அந்தச் 'சற்றே'யில் இருக்கிறது. சார் இரண்டு தடவை வாசித்துவிட்டு, "எழுத்துன்னா இதுல்லா" என்றார்.

சந்தோஷமாக இருந்தது. அதையும் எழுதித்தானே ஆக வேண்டும்.

26 ஜூன், வியாழன்

பொன்செல்வி தோசை ஊற்றிக்கொண்டே கேட்டாள். எங்கள் வளாகத்திலேயே இரண்டு கட்டடம் தள்ளி, நோயாளியின் நரம்பில் மருந்தை அளவாக ஏற்றும் பம்ப் செய்கிற கம்பெனியில், சோதனைப் பிரிவு அவள் கையில்.

"ஏங்க, நாங்க கம்பைலர ஒம்பதுக்கு மாத்திட்டோம். ஒங்க டூலு அதுக்கு ஒத்து வருமா?"

வராது. மூன்று எழுத்து.

"பக்கத்துல எல்லாம் போட்டிருக்குல்லா. பாத்துக்கோ" என்றேன்.

"நீங்க எழுதுனதுதான? அப்ப சரி."

இன்னொரு தோசை வைத்தாள். தின்றேன்.

2 ஜூலை, புதன்

ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டாளாம். நூற்றுக்கு நூறு பச்சை.

19 ஜூலை, சனி

இன்று சொல்லிவிடுவது என்றிருந்தேன். "என்ன, மொகத்தையே பாக்கீய?" என்றாள். "ஒண்ணுமில்ல" என்றேன். சிரித்தாள். வேறு ஏதோ நினைத்துக்கொண்டு சிரித்தாள் என்பதுதான்—

6 ஆகஸ்ட், புதன்

ஓர் ஆஸ்பத்திரியில் பம்பைச் சோதனைக்காக வைத்திருந்தார்கள். மருந்துக் குழாய் அடைத்துக்கொண்டால் அலாரம் அடிக்க வேண்டும். காலையில் அடைத்துக்கொண்டது. அடிக்கவில்லை. எதற்கோ அந்தப் பக்கம் வந்த நர்ஸ் கண்ணில் பட்டதால் தப்பித்தார், அறுபது வயதுப் பெரியவர். ஐசியூவில் இருக்கிறார். பிழைத்துக்கொள்வார் என்கிறார்கள்.

செல்வி ஆபீஸிலிருந்து பேசினாள். "அலாரம் வரி அத்தனையும் பச்சையாத்தான இருந்துச்சு? நான் பாத்தேன்லா? நாந்தான பாத்தேன்?" என்னிடம் கேட்கவில்லை. தன்னையே கேட்டுக்கொண்டாள்.

"பதறாத" என்றேன்.

'பதறாத'வாம். சொல்ல வேண்டிய அத்தனையும் எனக்குத் தெரியும். நான் தேர்ந்தெடுத்த வார்த்தை அது.

8 ஆகஸ்ட், வெள்ளி

இரண்டே நாளில் காரணத்தைக் கண்டுபிடித்துவிட்டாள். எங்கள் ஆட்களைவிட வேகம். சாயங்காலம் வந்தவள் தோள்பையைக் கழற்றவில்லை.

"ஒங்களுக்கு எப்பத் தெரியும்?"

"ஜூன் பத்து."

"நான் கேட்டது?"

"இருபத்தாறு."

"வேலை போயிரும்னு பயந்தீயளா?"

ஆமாம் என்று சொல்லியிருந்தால் கௌரவமாக இருந்திருக்கும். அவ்வளவு பயம்கூட இல்லை. சார் வேண்டாம் என்றார், நான் விட்டுவிட்டேன்.

"'வராது'ன்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம். ஏன்னுகூட கேட்டிருக்க மாட்டேன்." குரல் உயரவேயில்லை. "அந்தப் பக்கத்த நான் வாசிச்சேன். நீங்க எழுதுனதுங்கதால ரெண்டாவது தடவ வாசிக்கல. வேற எவன் எழுதியிருந்தாலும், 'சற்றே'ன்னா எம்புட்டுன்னு கேட்டு மெயில் போட்டிருப்பேன்."

அழவில்லை. அழுதிருந்தால் என்ன செய்வது என்று எனக்குத் தெரிந்திருக்கும். பையைக் கழற்றாமலே இறங்கிப்போய் அம்பாசமுத்திரம் பஸ் ஏறிவிட்டாள், அவள் அப்பா வீட்டுக்கு.

11 ஆகஸ்ட், திங்கள்

அவளை சஸ்பெண்ட் செய்துவிட்டார்கள். அவர்கள் அமைத்த விசாரணைக் கமிட்டி எங்கள் கம்பெனியிடம் விளக்கம் கேட்டிருக்கிறது.

தேவசிகாமணி சார் நிதானமாக இருந்தார். "'இந்தக் குறையை எங்கள் பக்கத்தில் முன்பே தெரிவித்திருக்கிறோம், வாசித்து நடப்பது வாடிக்கையாளர் பொறுப்பு'ன்னு பதில் போடணும்வே. நல்லவேள, நாம எழுதி வச்சோம். ஒமக்குச் சங்கடம்னா தானியேல எழுதச் சொல்லுதேன்."

ஆக, அந்த வாக்கியம் வேலை செய்கிறது. எங்களைக் காப்பாற்றி, அவளைக் குற்றவாளியாக்க. அதற்காகவே எழுதியதுபோல் பொருந்துகிறது.

"நானே எழுதுதேன் சார்" என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன்? தானியேலின் ஆங்கிலத்தைச் சகிக்க முடியாமலா?

12 ஆகஸ்ட், செவ்வாய்

எழுதல. எழுத வரல.

ஏலே சுடலைக்கண்ணு, ஒனக்கு எழுத்து வரும்னுதானலே அவ ஒன்னக் கட்டுனா. சம்பளத்தப் பாத்தா கட்டுனா? மூஞ்சியப் பாத்தா? பொண்ணு பாக்கப் போயிட்டு வந்து நீ போட்ட மெயில இன்னும் வச்சிருக்கால்லா. அதுல ஒரு 'சற்றே' உண்டாலே?

13 ஆகஸ்ட், புதன்

அனுப்பிவிட்டேன். விசாரணைக் கமிட்டிக்கு, சாருக்கு ஒரு நகலோடு. நான்கு வரி. குறை ஜூன் 10 அன்றே எங்களுக்குத் தெரியும். அன்று நான் எழுதிய எச்சரிக்கையை இத்துடன் இணைத்திருக்கிறேன். மேனேஜர் சொன்னபடி 13ஆம் தேதி அதை மாற்றி எழுதியவன் நான். 26ஆம் தேதி பொன்செல்வி என்னிடம் நேரில் கேட்டாள், நான் சொல்லவில்லை.

அனுப்புவதற்கு முன்பே தானியேல் பின்னால் நின்று வாசித்திருக்கிறான். "அண்ணாச்சி, என் பேரையும் போடுங்க. கண்டுபிடிச்சது நான்லா."

"ஒனக்கு ரெண்டு பிள்ளைய இருக்கு. போலே அங்கிட்டு."

போகவில்லை. குனிந்து, தன் பெயரைத் தானே தட்டினான். அதிலும் ஓர் எழுத்துப்பிழை. திருத்தவில்லை.

20 ஆகஸ்ட், புதன்

வேலைநீக்க உத்தரவு வந்தது. "கம்பெனி தங்கள்மீது வைத்திருந்த நம்பிக்கைக்கு ஊறு விளைவிக்கும் வகையில்" என்று தொடங்குகிறது. அந்தக் கடிதத்தின் மாதிரியை மூன்று வருஷத்துக்கு முன்னால் நான்தான் செப்பனிட்டுக் கொடுத்தேன். வாங்குகிற இடத்திலிருந்து பார்த்தாலும் ஓட்டம் நன்றாகவே இருக்கிறது.

தானியேலை ஒன்றும் செய்யவில்லை. டூலைச் சரிசெய்ய வேறு ஆள் கிடையாது. பக்கத்தில் இப்போது ஜூன் 10 அன்று நான் எழுதிய பழைய எச்சரிக்கையே இருக்கிறதாம், எழுத்து மாறாமல். பெரியவர் வீடு திரும்பிவிட்டார்.

31 ஆகஸ்ட், ஞாயிறு

அம்பாசமுத்திரம் போனேன். மாமா கொம்பையா வாசலிலேயே பார்த்துவிட்டார். "வாங்க மாப்ள. காப்பி குடிக்கீயளா?" என்றவர் அதற்குமேல் என்ன கேட்பது என்று தெரியாமல், "வயல ஒரு எட்டு பாத்துட்டு வாரேன்" என்று சைக்கிளை எடுத்தார். வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. பாவம், அவருக்கும் ஒரு ஒதுங்குமிடம் வேண்டும்.

செல்வி எதிர் நாற்காலியில் உட்கார்ந்தாள். மெலிந்திருந்தாள்.

"சஸ்பென்ஷன எடுத்துட்டாவ. நாளைக்குப் போறேன்."

"வீட்டுக்கா?"

"வேலைக்கு. வண்ணார்பேட்டைல ஹாஸ்டல் பாத்திருக்கேன்."

"உண்மைய எழுதிட்டேன்லா செல்வி."

"எழுதுனீய. கமிட்டிக்கு." விரல் நகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "எனக்கு அத அவுக வாசிச்சுக் காட்டுனாவ. ஏழு பேரு முன்னால ஒக்காந்து கேட்டேன், எம்புருசன் எங்கிட்ட எத மறச்சாருன்னு."

அது எனக்குத் தோன்றவேயில்லை. நான்கு வரியையும் எத்தனை தடவை சரிபார்த்தேன்! முதலில் யாருக்கு என்பதை மட்டும் பார்க்கவில்லை.

"நாப்பத்தி மூணு நாளு" என்றாள். "தெனமும் சோறு போட்டேன். 'இன்னைக்கு ஆபீஸ்ல என்ன'ன்னு தெனமும் கேட்டேன். இனிமே நீங்க என்ன சொன்னாலும் ரெண்டு தடவ வாசிக்கணும் நான். பகல் பூரா எனக்கு வேலையே அதாங்க. வீட்லயும் அதச் செய்ய ஏலாது."

காப்பி வந்தது. குடித்தேன். சர்க்கரை போட்டிருந்தார்களா என்று நினைவில்லை.

14 செப்டம்பர், ஞாயிறு

பாளையங்கோட்டையில் ஒரு டுடோரியலில் சேர்ந்திருக்கிறேன். நேற்று செயப்பாட்டுவினை நடத்தினேன். எடுத்துக்காட்டு கேட்டார்கள். என்னிடம் நிறைய இருக்கிறது என்றேன்.

12 அக்டோபர், ஞாயிறு

கல்யாண நாள். காலையிலிருந்து அவளுக்கு ஒரு மெசேஜ் எழுதினேன். திருத்தித் திருத்தி, மிக நன்றாக வந்துவிட்டது. அதனால் அனுப்பவில்லை.

2 நவம்பர், ஞாயிறு

மழை. ஒன்றுமில்லை.

19 நவம்பர், புதன்

பிற்பகல் மூன்று மணிக்கு போன். அவள் பெயரைத் திரையில் பார்த்ததும் எழுந்து நின்றுவிட்டேன். வகுப்பில் பிள்ளைகள் சிரித்தார்கள். வராந்தாவுக்கு வந்தேன்.

"நல்லாருக்கீயளா?"

"இருக்கேன்."

"ரேஷன் கார்டுல எம்பேர எடுத்துட்டு அப்பா கார்டுல சேக்கணும். கார்டு ஒங்க நம்பர்லதான இருக்கு. இப்ப ஒரு ஓடிபி வரும், சொல்லுதீயளா?"

"சரி."

இரண்டு பேரும் காத்திருந்தோம். அந்தப் பக்கம் யாரோ நாற்காலியை இழுக்கும் சத்தம். இ-சேவை மையமாக இருக்கும். அவள் மூச்சு விடுவது கேட்டது. ஏதாவது பேசியிருக்கலாம்.

வந்தது. இந்த எண்ணை யாரிடமும் சொல்லக் கூடாது என்று அதன் கீழேயே போட்டிருந்தது.

ஒவ்வோர் எண்ணாகச் சொன்னேன். அவள் திருப்பிச் சொல்லிக்கொண்டே வந்தாள். கடைசியில், "ஏழா, எட்டா?" என்றாள்.

"எட்டு" என்றேன்.

"ஆயிட்டு. வைக்கேன்."