உங்கப்பா கழுத்தும் அடுத்தவர் பனியன் தையலும்

அன்புள்ள கவின் கண்ணுவுக்கு அம்மா எழுதுவது. நீ அங்கே நன்றாக இருப்பாய், வேளைக்குச் சாப்பிடுவாய் என்று நம்புகிறேன். இங்கே எல்லோரும் சுகம் என்று எழுதத்தான் ஆசை, ஆனால் முக்கால்வாசிதான் சுகம், மீதிக் கால்வாசியை இதில் சொல்கிறேன். போனிலேயே சொல்லலாம், உங்கப்பா இப்போது நாள் முழுக்க வீட்டில், நான் போனை எடுத்தால் டிவி சத்தத்தைக் குறைத்துவிட்டு ஒட்டுக் கேட்கிறார். அதனால்தான் உன் ஊருக்கு வருகிற உன் கூட்டாளி தரணியிடம் கொடுத்தனுப்புகிறேன்.

மூன்று வாரமாக வீடியோவில் கழுத்தைச் சுற்றித் துண்டைப் போட்டுக்கொண்டு சளி, சளி என்றாரே, அது சளி இல்லை சாமி, துண்டுக்குள்ளே கழுத்துப் பட்டை. பயப்படாதே, நடக்கிறார், பேசுகிறார், தேவைக்கு மேலேயே பேசுகிறார். சைக்கிளிலிருந்து விழுந்துவிட்டார். போன வருஷம் நெதர்லாந்துக்கு உன்னைப் பார்க்க வந்தபோது அங்கே கிழவர்கள்கூடச் சைக்கிளில் பறப்பதைப் பார்த்தார் அல்லவா, அன்று பிடித்த கிறுக்கு. வந்ததும் ஒன்று வாங்கினார், கேரியர் கிடையாது, ஸ்டாண்டும் கிடையாது, விலை மட்டும் உண்டு. ஞாயிறு விடிந்தால் பத்துப் பனியன் கம்பெனி முதலாளிகள், யாருக்கு எவ்வளவு தொப்பை என்று ஊருக்கே தெரிகிற மாதிரி உடம்போடு ஒட்டின உடுப்பில் கிளம்பிவிடுவார்கள். அந்த உடுப்பை எல்லோருக்கும் தைத்துக் கொடுத்தது நம் எதிர்க் கம்பெனி சிவசுப்பிரமணியம் அண்ணன். தன்னை ஒரு வார்த்தை கேட்காமல் அவர் தைத்துவிட்டார் என்று உங்கப்பாவுக்கு உள்ளுக்குள் புகைச்சல், அதில் என்ன குறை என்று தேடிக்கொண்டே இருந்தார்.

அன்று திருமுருகன்பூண்டியைத் தாண்டும்போது அண்ணன் முன்னால், இவர் பின்னால். அவர் பனியன் முதுகில் ஓர் இடத்தில் தையல் விட்டிருந்ததாம். நிச்சயம் பண்ணிக்கொள்ளக் கிட்டே போயிருக்கிறார், போதாமல் இன்னும் கிட்டே. இவர் முன் சக்கரம் அவர் பின் சக்கரத்தில் உரசியதும் தலைகுப்புற விழுந்தார். ஹெல்மெட் பிளந்தது, தலை தப்பித்தது. சிலைப் பட்டறை ஆட்கள் பாவம், உதவிக்கு ஓடிவந்து, கல்லைத் தூக்கிப் பழகினவர்கள், தோளுக்கு இரண்டு பேர் காலுக்கு இரண்டு பேர் என்று தூக்க நின்றுவிட்டார்கள். நல்ல வேளை, நம் கம்பெனியில் செக்கிங் பார்க்கிற மயிலாள் பால் வாங்க அந்தப் பக்கம் வந்தாள். கழுத்தெலும்பு விலகியிருந்தா தூக்குனதும் கையுங்காலும் போயிருமுங்க, யாரும் தொடாதீங்க என்று சத்தம் போட்டு, ரோட்டில் மண்டி போட்டு இவர் தலையை இரண்டு கையாலும் அசையாமல் பிடித்துக்கொண்டாள். இவர் அப்போதும் அந்தத் தையலைப் பாரு, தையலைப் பாரு என்று தலையைத் திருப்பப் பார்க்க, மொதலாளி, பேசறதுன்னா வாயில பேசுங்க, தலைல பேசாதீங்க என்று அதட்டியிருக்கிறாள். ஆம்புலன்ஸ் வருகிற இருபது நிமிஷமும் பிடித்த பிடியை விடவில்லை. அவளுக்கு இது எப்படித் தெரியும் என்றால், நம்மிடம் வாங்குகிற வெளிநாட்டுக்காரர்கள் ஆடிட்டுக்காக முதலுதவி வகுப்பு வைக்கச் சொன்னார்களே, அரை நாள் புரொடக்ஷன் போச்சு என்று உங்கப்பா ஒரு வாரம் புலம்பினாரே, அந்த வகுப்புதான். தைக்கிற ஆட்களை அனுப்ப மனசில்லாமல் மயிலாளை அனுப்பினார். கழுத்தில் ஐந்தாவது எலும்பில் மயிரிழை விரிசல், ஆட்டித் தூக்கியிருந்தால் ஆயுசுக்கும் கட்டிலோடு கிடந்திருப்பார் என்று டாக்டர் சொன்னார்.

இப்போது ஆறு வாரம் பட்டை. குனிய முடியாது, தட்டும் தெரியாது, நான்தான் ஊட்டுகிறேன், உப்புக் குறைச்சல் என்று மட்டும் தெரிகிறது. மேனேஜர் லிங்கசாமி வந்து இரண்டு நாள் லீவு கேட்டார், இவருக்கு வாய் நிறைய இட்லி, தலையும் ஆட்ட முடியாது, அந்த மனுஷன் கோபம் என்று நினைத்து, லீவே வேண்டாமுங்க என்று போய்விட்டார்.

இனிமேல்தான் உனக்குச் சொல்லக்கூடாது என்று அவர் சொன்ன விஷயம். சிவசுப்பிரமணியம் அண்ணன் ஆஸ்பத்திரிக்கே அந்தப் பனியனைக் கொண்டுவந்து, எங்க தையல் விட்டிருக்குது காட்டுங்க பார்க்கலாம் என்றார். உங்கப்பா வழக்கம்போல இடது கை இரண்டு விரலால் தடவினார், தடவிக்கொண்டே இருந்தார். அப்புறம் வலது கைக்கு மாற்றிக்கொண்டார். துணியைத் தொட்டதுமே கனம் சொல்கிற விரல், அதில் உணர்வே இல்லை. நரம்பில் வீக்கம், வந்தாலும் வரும், வராமலும் போகும், பொறுங்கள் என்கிறார் டாக்டர். அன்றிலிருந்து தினமும் காலையில் அவர் கண்ணை மூடச் சொல்லி, விரல் நடுவே துண்டுத் துணி வைத்து என்னவென்று கேட்கிறேன். டாண் டாண் என்று பதில் வரும். எனக்குச் சந்தேகம் வந்து ஒரு நாள் ஒன்றுமே வைக்காமல் கேட்டேன். இன்டர்லாக், நல்ல துணி என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது, இத்தனை நாளும் குத்துமதிப்பாகத்தான் சொல்லியிருக்கிறார் என்றும் புரிந்தது. மறுபடி சைக்கிள் ஏறுவாராம், நீயும் சிபாரிசு பண்ண வேண்டுமாம். பண்ணினாயோ, நம் இரண்டு பேருக்கும் பேச்சு இல்லை. நீயும் தினம் ஆபீசுக்குச் சைக்கிளில் போகிறவன், முன்னால் போகிறவன் என்ன சட்டை போட்டிருந்தால் உனக்கென்ன, தள்ளியே போ.

நேற்று இத்தோடு முடித்து உறைக்குள் வைத்துவிட்டேன். இன்று காலையும் ஒன்றும் வைக்காமல்தான் கேட்டேன். கொஞ்ச நேரம் விரலைத் தேய்த்துப் பார்த்துவிட்டு, ஒண்ணுமே வெக்காம என்னத்தக் கேக்கற என்றார். நான் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, சத்தம் காட்டாமல் அந்த முனையையே அவர் விரலில் வைத்தேன். கண்ணைத் திறக்கவே இல்லை. இது உன்ற சீலை, ஈரமா இருக்குது, எதுக்குப் புள்ள அழுவற என்றார்.

நூறு வயது நல்லபடியாக இரு சாமி. மயிலாளுக்கு நீயே ஒரு போன் போட்டு இரண்டு வார்த்தை பேசு, மறந்துவிடாதே.

எப்போதும் உன் நினைப்பாக இருக்கும்
அம்மா நிர்மலா