திரும்ப எடுக்க வேண்டிய மூன்று லைன்கள்

ஊரப்பாக்கம்,
ஞாயிறு, ஆராதனை முடிந்து.

அன்புள்ள ஜான்சனுக்கு,

ஷாரோன் எழுதுவது. கர்த்தருடைய கிருபையால் இருக்கிறோம். கப்பல் போனில் பாதிப் பேச்சு காதில் விழுவதில்லை. இது பாதியாகச் சொல்லக்கூடிய விஷயமும் இல்லை. அதனால் மெயிலில் எழுதுகிறேன்.

மாமாவின் இருதய ஆபரேஷனுக்கு இருபத்திரண்டாம் தேதி கொடுத்திருக்கிறார்கள். நாலு அடி நடந்தால் மூச்சு வாங்குகிறது. மகன் பதினெட்டாம் தேதி வந்துவிடுவான் என்று அத்தை தெருவெல்லாம் சொல்லி வைத்திருந்தார்.

கடலில் கேபிளை இழுத்து நீங்கள் எடுத்து அனுப்பிய பதிவுகள் சிறுசேரி ஆபீசில் என் மேசைக்குத்தான் வந்தன. காற்றழுத்தத் தாழ்வு வந்த வாரம் கப்பல் நேர்கோடாக ஓடி எடுத்த மூன்று லைன்களில் அலை இரைச்சல்தான் நிறைய. கடலடிப் பாறையில் பட்டுத் திரும்பிய ஒலி அதற்குள் மூழ்கிக் கிடந்தது. பதினோரு நாள் வடிகட்டினேன். கடைசியில் படம் கண்ணாடி மாதிரி வந்தது. அனுப்பிவிடலாம் என்றார் மேனேஜர் கோபாலகிருஷ்ணன் சார்.

மனசு கேட்காமல், வடிகட்டி எறிந்த இரைச்சலை மட்டும் தனியாகப் போட்டுப் பார்த்தேன். பாறையில் ஒரு பிளவு அதில் மங்கலாகத் தெரிந்தது. என் சுத்தமான படத்தில் அந்தப் பிளவே இல்லை. லேசாக வடிகட்டினால் இரைச்சல் போகவில்லை. அழுத்தினால் பிளவும் சேர்ந்து போய்விடுகிறது. அந்த இடத்தில்தான் எண்ணெய்க்குத் துளை போடப் போகிறார்கள். பிளவு இருப்பது தெரியாமல் போட்டால் ஆபத்து. அங்கேயும் ஆட்கள் நின்று வேலை செய்வார்கள்.

மூன்றையும் திரும்ப எடுக்க வேண்டும் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். வேலை முடியும்வரை கப்பலில் யாருக்கும் லீவு இல்லை என்று வெள்ளிக்கிழமை சொன்னார்கள். அப்படித்தான் ஆகும் என்று தெரிந்துதான் போட்டேன்.

அத்தையிடம் நானே சொன்னேன். "நீ கையெழுத்து போடாம இருந்தா எம்புள்ள வந்துகினு இருப்பான் இல்ல?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். அதிலிருந்து என்னோடு பேச்சில்லை. சாப்பாடு மட்டும் எடுத்து மூடி வைக்கிறார். ஆபரேஷனுக்குத் துணைக்கு யார் வருவது என்று மாமா கேட்டார். நான் வருகிறேன் என்றேன். தலையை ஆட்டிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார்.

சதுரங்கப்பட்டினத்தில் கடல் இன்னும் அடங்கவில்லையாம், மீன் கொண்டுவரும் ஜோதிலட்சுமி அக்கா சொன்னார். உங்கள் பக்கம் எப்படியோ. எனக்கு இன்று கோயிலில் பாட்டுப் பாடக்கூடக் குரல் எழவில்லை. அவ்வளவு அலுப்பு.

இருபத்திரண்டாம் தேதி காலை ஏழு மணிக்கு மாமாவை உள்ளே கொண்டுபோவார்கள். அதற்கு முன் எப்படியாவது கூப்பிடுங்கள். போனை அவர் காதில் வைக்கிறேன். அவரோடு பேசி முடித்த பிறகு என்னோடும் ஒரு வார்த்தை பேசுங்கள். திட்டுவதானாலும் சரி.

கர்த்தர் உங்களைப் பத்திரமாகக் கரைசேர்ப்பாராக.

உங்கள்,
ஷாரோன்