நான் தேய்த்துக் கெடுத்த எஃகுக் கட்டிகள்

அன்புள்ள வாலு,

நாங்கள் இருவரும் எழுந்து நடமாடிக்கொண்டிருக்கிறோம், இந்த வயதுக்கு அதுவே நல்ல சேதி. நீயும் மாப்பிள்ளையும் நேரத்துக்குச் சாப்பிடுகிறீர்கள் என்று நம்புகிறேன். ஐந்தாம் வகுப்பில் நீ ஒரு கேள்வி கேட்டாய், "அப்பா ஏம்மா அந்தப் பெட்டியத் தொடவே விடமாட்டேங்கறாரு, வெறும் இரும்புதானே?" என்று. ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் பாடம் சொன்னவளுக்குத் தெரியாது என்று சொல்ல வாய் வரவில்லை, கீழே விழுந்தால் உடைந்துவிடும் என்று சொல்லிவைத்தேன். சரியான பதில் எனக்கே போன வாரம்தான் தெரிந்தது.

அப்பாவுக்கு இப்போது கண்ணாடி போட்டாலும் மைக்ரோமீட்டரின் கோடுகள் தெரிவதில்லை. பட்டறையில் முப்பத்தொரு வருடம் அளவு பார்த்த கருவிகள் யாருக்காவது உதவட்டும் என்று, பழைய கருவிகள் வாங்கி விற்கும் கடைக்குக் கொடுக்க முடிவு செய்தார். நானோ பள்ளிக்கு அதிகாரி வருகிற மாதிரி நினைத்துக்கொண்டு, முந்தின மத்தியானம் அவர் கண்ணயர்ந்த நேரத்தில், கேஜ் பிளாக் என்கிற அந்த எஃகுக் கட்டிகளை நாரும் பாத்திரப் பவுடரும் போட்டுத் தேய்த்து வைத்தேன். கடைக்காரர் மற்றதையெல்லாம் திருகித் திருகிப் பார்த்தார், கட்டிப் பெட்டியை மட்டும் திறக்கவில்லை. "சார் கைல இருந்ததுன்னா நான் எதுக்குப் பாக்கணும்" என்றார். திரும்பும் பேருந்தில் நான் சும்மா இருந்திருக்கலாம், பெருமையாகச் சொன்னேன். "அடிப்பாவி, சோப்புப் போட்டுக் குளிப்பாட்டலயா? எறங்கு" என்று அடுத்த நிறுத்தத்திலேயே இறக்கி, கடைக்கே திரும்பக் கூட்டிக்கொண்டு போனார். கீறலே இல்லாவிட்டால் அந்தக் கட்டிகள் பசையில்லாமல் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளுமாம், அவற்றை வைத்துத்தான் மற்றக் கருவிகளைச் சரிபார்ப்பார்களாம். ஆசிரியர் கையில் இருக்கிற விடையே தப்பென்றால் நாற்பது பிள்ளைகளின் மதிப்பெண்ணும் என்ன ஆகும், நீயே யோசி.

கடைக்காரர் இரண்டு கட்டிகளை அழுத்தித் தள்ளிப் பார்த்தார், ஒட்டாமல் மேசையில் விழுந்தன. யார் சார் இப்படிப் பண்ணினது என்று கேட்டார். நான் வாய் திறப்பதற்குள் அப்பா, "நான்தான். கண்ணு தெரியல, புத்தியும் தெரியல" என்று சொல்லிப் பெட்டியைத் திரும்ப வாங்கிக்கொண்டார். ஒரு நாளும் அளவு தவறாதவர், கடைசி நாளில் என் தப்பைத் தன் பேரில் ஏற்றுக்கொண்டார். நான் பேசாமல் நின்றேன். அலுப்பு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன், அலுப்பில்லை, பயம்.

மறுநாள் மருந்து வாங்கப் போவதாகச் சொல்லிவிட்டு, முழங்கால் வலியோடு தனியாகப் போய்க் கடைக்காரரிடம் உண்மையைச் சொன்னேன். அவர் சிரித்தார். "தெரியும்மா. பாத்திரப் பவுடர் வாசன அடிச்சுதே. சார் கண்ணு போனாலும் கை போவாது" என்றார். வீட்டுக்கு வந்து அப்பாவிடமும் சொன்னேன். அவர், "அப்ப மருந்து வாங்கலையா?" என்று மட்டும் கேட்டார்.

இருவரும் நோய்நொடியில்லாமல் நிறைவாக இருங்கள். வியாழக்கிழமை அப்பாவுக்குக் கண் பரிசோதனை, காலையில் மறக்காமல் கூப்பிடு. மாப்பிள்ளையின் சாமான் ஏதாவது ஒன்றை, முதலில் அவரைக் கேட்டுவிட்டு, இன்றைக்கே துடைத்துப் பார்.

உன் அம்மா