குறைதீர் கூட்ட அறையில் ஒரு சுற்று ஒயர்

ஜூன் 3, செவ்வாய்
விடிந்ததிலிருந்து காற்று. முருங்கைக் கிளை ஒன்று முறிந்தது. ஒன்றிய ஆபீசில் விவசாயிகள் குறைதீர் கூட்டம். என் மனு: வாய்க்கால் பாலம் இடிந்து கிடக்கிறது, குச்சிக்கிழங்கு (மரவள்ளி) ஏற்ற லாரி தோட்டத்துக்கு வர முடியவில்லை.

அதிகாரி ஏதோ கேட்டார். தலையாட்டினேன். முப்பது வருஷம் போர்வெல் ரிக் வண்டியில், கம்ப்ரசர் இரைச்சலுக்குப் பக்கத்தில்; காது மந்தம். காதில் விழாவிட்டால் தலையாட்டுவதே பழக்கம்.

வெளியே வந்ததும் பக்கத்துத் தோட்டத்துப் பழனியப்பன்: "ஏப்பா, 'திருப்திங்களா'ன்னு கேட்டாங்க, நீ தலைய ஆட்டிப்போட்டயே! மனு முடிஞ்சுதுன்னு எழுதிட்டாங்க."

வீட்டில் மனைவி சரசு: "ஊட்டுல நாங்கேட்டா ஒண்ணுக்கும் ஆட்டறதில்ல. அங்க போயி ஆட்டிப்போட்டு வந்தீங்களாக்கும்."

அவமானம்.

ஜூன் 5, வியாழன்
சேலம். ஃபேர்லேண்ட்சில் காது மெஷின் வாங்கிய கடை. மெஷினில் குறை இல்லையாம். கோளாறு கூட்டம் நடந்த ஹாலில்தான்: டைல்ஸ் தரை, வெறுஞ்சுவர், ஆறு ஃபேன், எதிரொலி.

கடைப் பெண்: "மெஷின்ல 'டி'ன்னு ஒரு செட்டிங் இருக்குதுங்க. ஹாலைச் சுத்தி லூப் ஒயர் ஓட்டிட்டா, மைக்குல பேசறது நேரா உங்க காதுக்கே வந்துரும்."

மெஷின் வாங்கி நாலு வருஷம். இதை ஒருத்தரும் சொல்லவில்லை! திரும்பும் பஸ்சில் அதே எரிச்சல்.

ஜூன் 9, திங்கள்
சண்டை போடத்தான் ஒன்றிய ஆபீஸ் போனேன். அங்கே இன்ஜினியர் அம்மா ஒருவர் உட்கார வைத்து, என் முகம் பார்த்து, மெதுவாகப் பேசினார். சண்டைக்கு வழியே இல்லை. டேப்பின் ஒரு முனையை என்னிடம் கொடுத்து ஹாலை அளந்தார். இருவரும் எழுதியது:
– சுற்றிலும் லூப் ஒயர்
– ஜன்னலுக்குத் தடித்த திரை
– யார் பேசினாலும் மைக்கில் மட்டும்
– அதிகாரி ஜன்னலுக்கு முதுகு காட்டி உட்காரக் கூடாது (முகம் இருட்டு, உதடு தெரியாது)

"எங்கப்பாவும் ரிக்குல இருந்தவருங்க. எங்கூட்டு டிவி தெருவுக்கே கேக்கும்," என்றார். சிரித்துவிட்டேன். பாலத்துக்கும் புது மனு எழுதிக் கொடுத்தேன்.

ஜூலை 1, செவ்வாய்
வெயில். மறுபடி குறைதீர் கூட்டம். ஒயர் ஓட்டிவிட்டார்கள்! 'டி'யில் வைத்தேன். ஃபேன் சத்தம் காணோம். அதிகாரி தொண்டையைச் செருமியது வரை கேட்டது. கண் கலங்கியது, துடைத்துக்கொண்டேன். என்னைப் போல மெஷின் போட்ட ரிக்காரர் இன்னும் மூன்று பேர். அவர்கள் முகத்திலும் அதே திகைப்பு.

என் மனு வந்தது. அதிகாரி: "அடுத்த வருஷம் பாத்துக்கலாம். திருப்திங்களா?"

"இல்லைங்க!"

சத்தம் ஜாஸ்தி போல. ஹாலே திரும்பிப் பார்த்தது. அதிகாரி சிரித்தார். "சரிங்க, நாளைக்கு நானே வந்து பாக்கறேன்."

காலையில் பாலத்தருகே முள் வெட்டி வழி பண்ண வேண்டும். மெஷினுக்குப் புது பேட்டரி. பாலத்தில் ஒயர் கிடையாது, காதில் விழாவிட்டால் இன்னொரு தரம் கேட்பேன். தலையாட்ட மாட்டேன்.