சன்னலோரத்து நீலச் சட்டை

மார்ச் 3

எல்லாம் நான் அப்போதே சொன்னதுதான். கணக்கெடுப்புக்காரர்கள் திரும்பி வருவார்கள் என்றேன், வந்துவிட்டார்கள். மூன்று வருடத்துக்கு ஒரு தடவை அதே வீடுகள், அதே கேள்விகள். யாருக்கு என்ன வேலை, எத்தனை வேளைச் சாப்பாடு, யார் ஊரை விட்டுப் போனார்கள். இப்படி வருடக்கணக்கில் கேட்டால்தான் வறுமை எந்தப் பக்கம் நகர்கிறது என்று புரியுமாம். என்னைக் கேட்டிருந்தால் ஒரே நாளில் சொல்லியிருப்பேன்.

இந்தத் தடவை வந்தவள் கண்ணாடி போட்ட சின்னப் பெண். "வீட்டுத் தலைவர் யாரு சார்?"

"இதிலென்ன சந்தேகம்? நான்தான்."

என் வேலையைக் 'கிடங்கு நிர்வாகம்' என்று சொன்னேன். காவல்தான், ஆனால் சாவி என்னிடம்தானே இருக்கிறது! தங்கச்சிக்கு என்ன வேலை என்று கேட்டாள். "வீட்டுல சும்மாதான் இருக்கா."

உள்ளேயிருந்து ஊசியும் கையுமாக வந்தாள் தங்கச்சி. "சும்மாவா? அப்ப கம்பெனி சட்டைக்கெல்லாம் பட்டன் தைக்கிறது யாரு அண்ணா, உங்க பேயா?"

அந்தப் பெண் சிரிப்பை அடக்கிக்கொண்டு அதையும் பதிந்துகொண்டாள்.

மார்ச் 4

மீதிக் கேள்விகளுக்கு இன்றும் வந்தாள். குடும்ப உறுப்பினர்களைப் படித்தாள். இரண்டே பேர்.

"என் பையன் பேரு?" என்றாள் தங்கச்சி.

"ஆறு மாசத்துக்கு மேல வெளியில இருந்தா உறுப்பினர் இல்லம்மா. இடம்பெயர்ந்தவர்னு தனியா வரும்."

தங்கச்சி அலமாரியைத் திறந்துவிட்டாள். "அவன் துணி இங்க இருக்கு. அவன் போர்வை இங்க இருக்கு. அப்புறம் எப்படி அவன் இல்ல?"

மருமகன் போய் மூன்று வருடத்துக்கு மேல் ஆகிறது. ஒரு போன் இல்லை. போலீஸ் எழுதிக்கொண்டதோடு சரி. ஆனால் இந்தக் கணக்கெடுப்பில் ஊரை விட்டுப் போனவர்களையும் தேடிப்பிடித்துக் கேள்வி கேட்பார்களாம். போன தடவை நாங்கள் சொன்ன துறைமுக ஊருக்கு ஆள் போகப்போகிறதாம். தங்கச்சி அந்தப் பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை.

"கடைசியா அவரைப் பார்த்தது யாரு?"

நான்தான், வேறு யார்? பஸ் ஏற்றிவிட்டதே நான். நீலச் சட்டை. சன்னலோர சீட்டு. "மாமா, அம்மாவைப் பாத்துக்கோங்க"ன்னு சொல்லும்போது அவன் குரல் உடைந்ததை நான் நடித்தே காட்டினேன். அந்தப் பெண் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். இந்தத் தடவை நன்றாகவே சொன்னேன்.

மார்ச் 19

தகவல் இல்லை. தங்கச்சி ஒரு கட்டுச் சட்டை முழுக்கப் பட்டனைத் தப்பாகத் தைத்துவிட்டாள். கட்டு கம்பெனியிலிருந்து திரும்பி வந்துவிட்டது.

ஏப்ரல் 2

போனில் அந்தப் பெண்ணிடம் பேசினோம். ஆள் கிடைத்தாலும், எங்கே இருக்கிறான் என்று அவன் சம்மதம் இல்லாமல் சொல்லக்கூடாதாம். அவர்கள் விதி.

"இடம் வேண்டாம்மா. சாப்பிடுறானான்னு மட்டும் சொல்லு. அதைத்தானே நீங்க எல்லார்கிட்டயும் கேக்குறீங்க?"

"பாக்குறேம்மா" என்று போனை வைத்துவிட்டாள். நான் ஏதாவது தமாஷ் சொல்லலாம் என்று பார்த்தேன். வாயில் ஒன்றும் வரவில்லை. எனக்கா!

ஏப்ரல் 20

அவளே நேரில் வந்துவிட்டாள். விதியை மீறித்தான் சொல்கிறாள் என்று முகத்திலேயே தெரிந்தது. துறைமுகம், கப்பல் பட்டறை, கூலிக்காரர்கள் தங்கும் அறைகள் எல்லாம் அலசிவிட்டார்களாம். அப்படி ஒருவன் வந்ததாகவே யாருக்கும் தெரியவில்லையாம். அடுத்த தடவை தேடவேண்டியவர்கள் பட்டியலில் அவன் பேர் இருக்காதாம்.

"சார், அந்த ஊர்தானே? வேற ஊரா இருந்தா இப்பவே சொல்லுங்க. அங்க இருக்கிற எங்க ஆளுங்களைப் போகச் சொல்றேன்."

தங்கச்சி என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என் கண்ணால பாத்தேம்மா" என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன்? வேறு என்னத்தைச் சொல்ல? அந்த ஊர் இல்லைன்னா, அப்ப எந்த ஊர்னு கேட்டா?

ஏப்ரல் 21

தங்கச்சி பை கட்டிவிட்டாள். "அவங்களுக்கு அவன் முகம் தெரியாது அண்ணா. எனக்குத் தெரியும். நீங்க வழி காட்டினா போதும்."

தலைவலி என்றேன். மாத்திரை கொடுத்தாள். லீவு கிடைக்காது என்றேன். கிடங்கு முதலாளியிடம் அவளே போய்க் கேட்டு வாங்கி வந்துவிட்டாள்.

ஏப்ரல் 24

பஸ்ஸில் எழுதுகிறேன், எழுத்து ஆடுகிறது. தங்கச்சி சன்னலோரம் உட்கார்ந்திருக்கிறாள். வழியில் நீலச் சட்டை போட்ட எவனைப் பார்த்தாலும் கழுத்தை நீட்டுகிறாள்.

"எந்தப் பக்கம் அண்ணா உக்காந்தான்? இந்தப் பக்கமா, அந்தப் பக்கமா?"

"இந்தப் பக்கந்தான்."

சன்னல் கம்பியில் கையை வைத்தாள். இன்னும் எடுக்கவில்லை.

அவன் போன அன்று நான் வேலை முடிந்து வந்து தூங்கிக்கொண்டிருந்தேன். எழுந்தபோது அவனும் இல்லை, பையும் இல்லை. அவள் அழுதாள். வாயில் வந்த ஊரைச் சொன்னேன்.