இரண்டு முத்திரை விழுந்த சீட்டு

இன்று காலை லாரி ஷெட்டில் சூடம் அடித்துவிட்டு வந்தேன். சோப்புப் போட்டு இரண்டு தடவை கழுவியும் உள்ளங்கையில் அந்த வாடை போகவில்லை. மத்தியானம் சாப்பிட உட்கார்ந்தபோது சோற்றோடு சேர்ந்து மூக்குக்கு வந்தது. அதனால்தான் உனக்கு எழுதுகிறேன். பாசத்தினால் என்று நினைத்துக்கொள்ளாதே.

நம் ஊரில் மறுபடியும் உள்ளாட்சித் தேர்தல். மறுபடியும் என் முதலாளிதான் நம் வார்டுக்கு நிற்கிறார். அவருடைய சுண்ணாம்புக்கல் லாரிகள் இன்னும் பள்ளிக்கூடத் தெரு வழியாகத்தான் போகின்றன. அதில் ஒன்றை நான் இன்னும் ஓட்டிக்கொண்டுதான் இருக்கிறேன். நீ போய் இரண்டு வருஷமாகியும் ஊரில் எதுவும் நின்றுபோகவில்லை. கேட்டால் உனக்கு வலிக்கும் என்று தெரிந்துதான் சொல்கிறேன்.

பள்ளிக்கூடத்துக்கு எதிரே சைக்கிள் கடை வைத்திருந்தவனுக்கு என்ன வேலை? பஞ்சர் ஒட்டுவது. நீயோ திங்கட்கிழமை ஆனால் கடையைச் சாத்திவிட்டு, அரியலூர் கலெக்டர் ஆபீஸுக்கு மனுவோடு பஸ் ஏறிவிடுவாய். பள்ளிக்கூடம் விடும் நேரத்தில் லாரி வரக் கூடாது, ஏரிக்கரைப் பக்கம் வேறு வழி இருக்கிறது, அதில் போகட்டும் என்று ஒரே மனுவை எத்தனை தடவை எழுதினாயோ. ஊரே உனக்கு ‘மனு’ என்று பெயர் வைத்தது. நானும் அப்படித்தான் கூப்பிட்டேன். “என்னடா மனு, இன்னைக்கி எந்த ஆபீஸு?” என்று லாரியை நிறுத்திக் கேட்பேன். முகத்தில் படிந்த புழுதியைத் துடைத்துக்கொண்டு நீ சிரிப்பாய். அந்தப் புழுதி என் வண்டி கிளப்பியது. நீ கோபப்பட்டிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

மனு கொடுத்துச் சலித்துப்போய், போன தேர்தலில் நீயே நிற்பது என்று முடிவு செய்தாய். உனக்குத் தண்ணீர்க் குழாய் சின்னம். முதலாளிக்குப் பூட்டு சாவி. வார்டில் எல்லார் வீட்டு வாசலிலும் ஏறினாய், என் வீட்டுக்கு மட்டும் வரவில்லை. வழியில் பார்த்தபோது, “ஒன் ஓட்டு எனக்குத்தான்னு தெரியும்டா. அதெல்லாம் கேக்க மாட்டேன்” என்றாய். கேட்டிருக்கலாம். கேட்டிருந்தால் ஏதாவது ஒரு பொய்யைச் சொல்லித் தொலைத்திருப்பேன்.

நம் பக்கத்தில் ஓட்டுப் போடுகிறேன் என்று வாயால் சொன்னால் யார் நம்புகிறார்கள்? சூடத்தை ஏற்றி, எரியும்போதே உள்ளங்கையால் அடித்து அணைத்தால்தான் சத்தியம். வார்டில் பாதிப் பேரை முதலாளியின் ஆட்கள் ஐயனார் கோயிலில் வரிசையாக நிறுத்தி அடிக்கச் சொன்னார்கள். உன் தம்பியும் அந்த வரிசையில் நின்றான். அவன் பெண்டாட்டி முதலாளிக்கு ஒன்றுவிட்ட தங்கை, அவனால் தப்பிக்க முடியவில்லை. ஊரே அதைப் பார்த்தது.

டிரைவர்களில் நம் வார்டுக்காரன் நான் ஒருத்தன்தான். அதனால் என்னைக் கோயிலுக்கு வரச் சொல்லாமல் முதலாளி ஷெட்டிலேயே முடித்துவிட்டார். லாரியின் முன்சக்கரத்துக்கு எதிரே ஒரு செங்கல், அதன்மேல் சூடம். “சாமி மேல வேணாம்ப்பா. ஒனக்குச் சோறு போடுற சக்கரத்து மேல அடி” என்றார். அடித்தேன். அங்கே இருந்தது நாங்கள் இரண்டு பேர் மட்டும்.

ஓட்டுச் சாவடியில் அட்டைத் தடுப்புக்குப் பின்னால் நின்றபோது எனக்கு ஒரு யோசனை வந்தது. பூட்டு சாவிக்கு ஒரு குத்து குத்தினேன். சத்தியத்தைக் காப்பாற்றியாகிவிட்டது. அப்புறம் குழாய்க்கும் ஒரு குத்து. உன்னையும் கைவிடவில்லை என்று ஆகிவிட்டது. இரண்டு முத்திரை விழுந்த சீட்டு செல்லாது என்பது எனக்குத் தெரியாததல்ல. ஒரு ஓட்டில் என்ன குடிமுழுகிவிடப்போகிறது என்று மடித்துப் பெட்டியில் போட்டுவிட்டு, உன் கடைக்கு வந்து, நீ வாங்கிக் கொடுத்த டீயைக் குடித்தேன்.

ஜெயங்கொண்டத்தில் எண்ணினார்கள். நீயும் முதலாளியும் சரிசமம். செல்லாத ஓட்டு ஒன்றே ஒன்று. பெயரை எழுதிக் குலுக்கிப் போட்டதில் அவர் பெயர் வந்தது. அன்று ஊர்வலத்தில் லாரி ஓட்டியது யார் என்று உனக்குத் தெரியும், நீதான் கடை வாசலில் நின்று பார்த்தாயே. உன் கடைப் பலகையில் ஒரு பிளாஸ்டிக் குழாயைக் கட்டித் தொங்கவிட்டு, அதற்குச் சாமந்தி மாலை போட்டு, கீழே ஊதுபத்தி கொளுத்தி வைத்தார்கள். இரண்டு பேர் மாரில் அடித்துக்கொண்டு அழுகிற மாதிரி நடித்தார்கள். ஹார்ன் அடிக்கச் சொன்னார்கள், நான் அடித்தேன். உன் மனைவி வந்து அந்த மாலையை அவிழ்க்கிறவரை அடித்தேன்.

மறுநாள் நீ என்னைப் பக்கத்து ஸ்டூலில் உட்கார வைத்துச் சொன்னாய்: “அந்தச் செல்லாத சீட்ட எங்கிட்டயும் காட்டுனாங்கடா. ரெண்டு பேருக்கும் குத்தியிருக்கு. எனக்கு ஆகாதவனா இருந்தா நேரா அவருக்கே குத்திட்டுப் போயிருப்பான். இவன் எனக்கு வேண்டியவன். சூடம் அடிச்சுப்புட்டுப் பயந்துட்டான்.”

“யாருங்குற?”

“எந்தம்பிதான். வேற யாரு?”

“இருக்கும்டா” என்றேன்.

அவ்வளவுதான் சொன்னேன். அதற்கப்புறம் நீயே மற்றதைப் பார்த்துக்கொண்டாய்.

அவன் உன் கடைக்கே வந்து அழுதான். “சாமி குத்தம் வந்தா வரட்டும்னு ஒனக்குத்தாண்ணே குத்துனேன்.” நீ ஒரு டியூபைத் தண்ணீரில் அமுக்கி, குமிழி எங்கே கிளம்புகிறது என்று தேடிக்கொண்டிருந்தாய். நிமிரவே இல்லை. “சாமிகிட்ட பொய் சத்தியம் பண்ணேங்குற. எங்கிட்ட சொல்றது மட்டும் நெசமா?” என்றாய். அவன் என்னைப் பார்த்தான். நீங்களாவது சொல்லுங்கண்ணே என்பது போல இருந்தது. அந்தச் சீட்டு அவனுடையதல்ல என்று தெரிந்த ஒரே ஆள் நான்தான் என்பது அவனுக்கு எப்படித் தெரியும்? நான் டியூபைப் பார்த்தேன்.

நீயும் ஒன்றும் உத்தமன் இல்லை. அஞ்சலி போஸ்டரில் ‘மக்கள் தொண்டன்’ என்று உன் படத்துக்குக் கீழே அச்சடித்தார்கள். தம்பி மகள் கல்யாணத்தன்று, ஒரே சுவர் வைத்த அடுத்த வீட்டில் மேளம் கேட்கும்போது, கடையைத் திறந்து வைத்துப் பஞ்சர் ஒட்டியவன் நீ. ஊர்ப் பிள்ளைகளுக்காகக் கலெக்டர் ஆபீஸ் படியில் கால்கடுக்க நின்றவனுக்கு, அடுத்த வீட்டுப் படி ஏறி இன்னொரு தடவை கேட்கத் தோன்றவில்லை. உன்மேல் எனக்கு இன்னும் ஆத்திரம் இருக்கிறது. நீ இன்னும் கொஞ்சம் கெட்டிக்காரனாக இருந்திருந்தால் என்னைக் கண்டுபிடித்திருப்பாய்.

மார்வலி என்று படுத்தவன் விடிவதற்குள் போய்விட்டாய். பாடையைத் தூக்கும் நேரத்தில் உன் தம்பி மாலையோடு வந்தான். உன் மகன் வாசலிலேயே மறித்தான். “சித்தப்பா தொடக் கூடாதுன்னு அப்பா சொல்லிட்டுப் போயிட்டாரு.” உன் தம்பி மாலையை என்ன செய்வது என்று தெரியாமல் சைக்கிள் கேரியரில் வைத்தான். பாடைக்கு ஒரு தோள் குறைந்தது. “நீங்க வாங்க மாமா. ஒடம்பொறப்பு மாதிரி இருந்தீங்க” என்று உன் மகன் என் கையைப் பிடித்து இழுத்தான்.

தூக்கினேன். பள்ளிக்கூடத் தெருவில் எதிரே எங்கள் லாரி ஒன்று லோடோடு வந்தது. உன்னைச் சுமந்துகொண்டு நாலு பேரும் சாக்கடை ஓரம் ஒதுங்கி நின்று அதற்கு வழி விட்டோம். உன் மாலை மேலெல்லாம் வெள்ளைப் புழுதி. ஓட்டி வந்தவன் என்னை அடையாளம் கண்டு கை தூக்கினான். திரும்பிப் பார்த்தால் கூட்டத்துக்குப் பின்னால் வெகுதூரத்தில் உன் தம்பி சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தான்.

இன்று சாயந்திரம் அவன் என் வீட்டுக்கு வந்தான். இந்தத் தடவை அவன் நிற்கிறான். அதே தெருவுக்காக, உன் மனுக் கட்டைப் பிரித்து வைத்துக்கொண்டு. நோட்டீஸ்கூட நீட்டவில்லை. “ஒங்க ஓட்டு எனக்குத்தான்னு தெரியும்ணே. அதக் கேக்க வரல” என்றான். அண்ணனும் தம்பியும் ஒரே அச்சு.

“அப்புறம்?”

“அன்னைக்கி அண்ணன எந்தத் தோள்ல தூக்குனீங்க?”

இடது தோளைக் காட்டினேன். சட்டைக்கு மேலேயே அங்கே கையை வைத்தான். “என்னத்தான் தொடக் கூடாதுன்னுட்டாரே” என்றான். கையை எடுக்கவில்லை. ஒரு ஆண்பிள்ளை சத்தமில்லாமல் அழுவதை அவ்வளவு பக்கத்தில் நான் பார்த்ததில்லை. ‘அந்தச் சீட்டு என்னுடையது’ என்று மூன்று வார்த்தை சொன்னால் போதும். உனக்கு இவ்வளவு எழுதுகிறவன், அவனிடம் அந்த மூன்று வார்த்தையைச் சொல்லவில்லை. அவன் போகிறவரை, சூட வாடை அவன் மூக்குக்கு எட்டிவிடாமல், வலது கையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு நின்றேன்.