தண்ணி அக்காவின் வசனம்

நேற்று சாயங்காலம் மகள் வீட்டில் அவரைக்காய்க்கு நார் எடுத்துக்கொண்டிருந்தேன். ஆமாம், நான்தான். நீ இருந்தவரை அடுப்படிப் பக்கம் எட்டிப் பார்க்காத மனுஷன்தான். கூடத்தில் அவள் செல்போனில் எதையோ தேடிக்கொண்டிருந்தாள். திடீரென்று அந்த இசை. முதலில் ஒரு மணிச்சத்தம், அப்புறம் வயலின், அப்புறம் குடை விரிகிற ஓசை. கையில் இருந்த அவரைக்காய் நழுவி விழுந்தது.

"நீயும் அம்மாவும் மலையில இருக்கச்சொல்ல பாத்த நாடகம் இதானா பாருப்பா" என்று அவள் கூப்பிட்டாள். நான் சட்டென்று இடப்பக்கம் திரும்பினேன், உன்னைக் கூப்பிட. நீ போய் இன்னும் ஒரு தீபாவளிகூட வரவில்லை. பழக்கம் அவ்வளவு சீக்கிரம் போகுமா?

கல்யாணமான புதிதில் என் பள்ளிக்கூட வேலைக்காக உன்னைக் களமருதூரிலிருந்து வெள்ளிமலைக்கு அழைத்து வந்தேன். நெல் வயலைப் பார்த்தே வளர்ந்தவளுக்கு சாமையும் தினையும் விளைகிற மேடு கொஞ்சமும் பிடிக்கவில்லை. "இங்க மேகந்தாங்க வூட்டுக்குள்ள வருது, மனுஷங்க வரமாட்டேங்குறாங்க" என்று முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டாய். உன்னைச் சமாதானப்படுத்தத்தான் அந்தக் கறுப்பு வெள்ளைப் பெட்டியை ஜீப்பில், மடியில் வைத்துக் கொண்டுவந்தேன். உயரமான மூங்கிலில் ஆன்டெனாவைக் கட்டி மேட்டில் நட்டதும், கீழே ஊர்களில் புள்ளி புள்ளியாய் வந்த படம் நமக்கு ஓரளவு தெளிவாகவே வந்தது. மனுஷர்களும் வந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை காலையானால் தெருவே நம் வீட்டுக்குள் உட்கார்ந்திருக்கும்.

அந்த நேரத்தில்தான் துப்பறியும் தொடர். பேச்சு முழுக்க இந்தி. எனக்குத் தெரியாது, உனக்குத் தெரியாது, வந்தவர்கள் யாருக்கும் தெரியாது. துப்பறிகிறவர் எந்நேரமும் குடையோடு வருவார் என்பதால் அவருக்குக் குடைக்காரர் என்று பெயர் வைத்தாய். கடைசியில் அவர் எல்லாரையும் வரிசையாக நிற்க வைத்து, கொலை எப்படி நடந்தது என்று நீட்டி முழக்கி விளக்குவார். நமக்கு ஒரு எழுத்தும் புரியாது. போலீஸ்காரர் யார் கையில் விலங்கு மாட்டுகிறாரோ அவன்தான் கொலைகாரன் என்று தெரிந்துகொள்வோம். "அட, இவனா! நான் அந்த டாக்டருன்னுல்ல நெனச்சிக்கினு இருந்தேன்" என்று எதிர்வீட்டுக்காரர் வாரம் தவறாமல் ஏமாந்துபோவார்.

நீ ஏமாந்ததே இல்லை. ஏனென்றால் குடைக்காரரை நீ பார்த்ததே இல்லை.

"அவரு கண்டுபிடிச்சிடுவாருங்க, அதுக்குத்தான வராரு. அவரு பின்னாடி நிக்கிறாரே ஏட்டு, அவரப் பாருங்க. காலு வலிக்குது அவருக்கு. இந்தக் கால மாத்தி அந்தக் கால்ல நிக்கிறாரு. யாராச்சும் ஒக்காருன்னு ஒரு வார்த்த சொல்றாங்களா?"

பார்த்தேன். நிஜமாகவே அந்த ஏட்டு கால் மாற்றிக்கொண்டிருந்தார். அதற்குப் பிறகு என்னாலும் குடைக்காரரைப் பார்க்க முடியாமல் போயிற்று. அவர் மூளையைக் கசக்கிக்கொண்டிருக்கும்போது நாம் பின்னால் டைப் அடிக்கிற பெண்ணைப் பார்ப்போம். கொலை நடந்த வீட்டில் யாரும் கேட்காமலே நாற்காலிகளை நேராக வைக்கிற வேலைக்காரரைப் பார்ப்போம். ஒல்லியாக, ஒட்டிய கன்னத்தோடு ஒரு நடிகர் வருவாரே, உன் தியாகதுருகத்து மாமா ஜாடை என்று சொல்லி அவருக்குத் தியாகதுருகத்தார் என்றே பெயர் வைத்தாய். ஒரு வாரம் கத்திக்குத்துப் பட்டுச் சாவார், அடுத்த வாரம் தபால்காரராக சைக்கிளில் வருவார். "பாருங்க, போன வாரம் செத்தவரு எழுந்து வந்துட்டாரு. பாவம், நல்லா செத்தாரு, அதான் மறுபடியும் வேல குடுத்துருக்காங்க" என்று நீ சந்தோஷப்படுவாய். சாகும்போது அவர் ஒருமுறைகூடக் கத்தவில்லை, செருப்பைத்தான் தேடினார் என்பதை நீ சொன்னபிறகுதான் நாங்கள் கவனித்தோம். அந்த மாதிரி நடிக்க எத்தனை பேரைச் சாகப் பார்த்திருக்க வேண்டும் என்று நீ கேட்டாய்.

கதாநாயகனுக்குக் கைதட்ட ஊரே இருக்கிறது, இவர்களை யார் பார்ப்பது என்பது உன் கட்சி. உன் கட்சியில் முதலில் நான் சேர்ந்தேன், பிறகு தெருவே சேர்ந்தது.

அவர்களுக்கெல்லாம் நீ குரலும் கொடுத்தாய். அது எப்படி ஆரம்பித்தது என்று நினைவில்லை. "யக்கா, வாட்ச்மேன் இன்னா சொல்றாரு?" என்று யாரோ கேட்க, நீ முறத்தில் கல் பொறுக்கிக்கொண்டே, அந்த ஆள் வாயசைப்பதற்குச் சரியாகப் பேசினாய்: "வாங்க சார், காலையிலேர்ந்து இந்தக் கேட்டத் தொறந்து தொறந்து மூடிக்கினு இருக்கேன், இன்னும் கஞ்சிகூடக் குடிக்கல." வீடே சிரித்தது. அதிலிருந்து குடைக்காரர் இந்தியிலும் மற்றவர்கள் களமருதூர்ப் பேச்சிலும் பேசுகிற நாடகமாகிவிட்டது அது.

உனக்கு எல்லாரையும்விடப் பிடித்தது தண்ணி அக்கா. குடைக்காரர் வீட்டு வேலைக்காரி. வாரா வாரம் யாராவது அழுதுகொண்டு அந்த வீட்டுக்கு வருவார்கள். அவள் ஒரு கண்ணாடித் தம்ளரில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்து, ஒரு வார்த்தை சொல்லிவிட்டு உள்ளே போய்விடுவாள். அவ்வளவுதான் அவளுக்கு வேஷம். காமிரா பாதி நேரம் அவள் தலையை வெட்டிவிட்டுக் கையை மட்டும் காட்டும். "கையே நடிக்குதுங்க" என்பாய். தம்ளரைக் கொடுத்தபிறகும் அந்தக் கை உடனே விலகாது, வாங்குகிறவர் சரியாகப் பிடித்துக்கொண்டார் என்று தெரியும்வரை அடியில் தாங்கிக்கொண்டிருக்கும். கடைசியில் பெயர்கள் ஓடும்போது, "அவுங்க பேரு எதுங்க, படிங்க, படிங்க" என்று என் தோளைப் பிடித்து உலுக்குவாய். நான் இங்கிலீஷ் எழுத்தைக் கூட்டுவதற்குள் பெயர்கள் ஓடிப்போகும். "வாத்தியாராம், பேரு படிக்கத் தெரியல" என்று எல்லார் முன்னாலும் மானத்தை வாங்குவாய்.

பிறகு அந்த வருஷம் வந்தது. இட ஒதுக்கீடு கேட்டுப் போராட்டம், கீழே ஊருக்கு ஊர் சாலை மறியல். உனக்கு வளையல் போட்டாகிவிட்டது. முதல் பிரசவம் தாய்வீட்டில்தான் என்று உன் அண்ணன் அழைத்துப்போக வர வேண்டும். பஸ் மேலே வரவில்லை. ரோடு திறக்கட்டும் என்று அவரும் அங்கே காத்திருந்தார், நாமும் இங்கே காத்திருந்தோம். குறித்த நாளுக்கு முன்னாலேயே உனக்கு வலி கண்டது.

நடுப்பகலில் ஜீப்பில் இறங்கினோம். மலைப்பாதையில் ஒன்றும் இல்லை. அடிவாரம் தாண்டியதும் புளியமரத்தை வெட்டி ரோட்டுக்குக் குறுக்கே போட்டிருந்தார்கள். கோடாலியோடு நின்றவர்கள் யாரோ எதிரிகள் இல்லை. தங்கள் பிள்ளைகளுக்குப் படிப்பும் வேலையும் வேண்டும் என்று ரோட்டுக்கு வந்த சம்சாரிகள். உன்னைப் பார்த்ததும் ஒருவர், "ஐயோ, புள்ளத்தாச்சிடா, தூக்குங்கடா" என்று கத்தினார். அந்த மரத்தை வெட்டிப் போட்டவரே அதை மறுபடி துண்டாக வெட்டினார். தோல் உரிந்து ரத்தம் வடிந்த கையோடு, அடுத்த மரத்தையும் எடுக்கச் சொல்ல ஜீப்புக்கு முன்னால் ஓடினார். அடுத்ததும் இருந்தது. அதற்கு அடுத்ததும் இருந்தது. கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரியில் உன்னைக் காப்பாற்றிக் கொடுத்தார்கள். நம் மகனைக் கொடுக்க முடியவில்லை.

நீ அழவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. உன் அம்மா மார்பில் அடித்துக்கொண்டு அழுதார்கள், நான் சுவரில் முட்டிக்கொண்டேன், நீ கூரையைப் பார்த்தபடி படுத்திருந்தாய். மலைக்குத் திரும்பியபிறகும் அப்படியேதான். சோறு போட்டால் சாப்பிட்டாய், கேட்டால் ஊம் கொட்டினாய். பால் கட்டிக்கொண்டு நெஞ்சு கல்லாய் இறுகியபோதுகூட வாய் திறக்கவில்லை. இவளும் போய்விடுவாளோ என்று நான் பள்ளிக்கூடத்திலிருந்து மணிக்கொருதரம் ஓடிவந்து பார்ப்பேன். ஞாயிற்றுக்கிழமை தெருக்காரர்கள் தயங்கித் தயங்கித்தான் வந்தார்கள். பெட்டியைப் போட்டால் தொடர் ஓடும். யாரும் உன்னைக் கேட்க மாட்டார்கள். வாட்ச்மேன் வாயை அசைப்பார், தியாகதுருகத்தார் வாயை அசைப்பார், வீட்டில் சத்தமே இருக்காது.

அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமைதான், குடைக்காரர் வீட்டுக்கு வெள்ளைப் புடவை கட்டிய ஒருத்தி வந்தாள். கையில் ஒரு சின்னச் சட்டை. அவள் பிள்ளை செத்துப்போயிருக்கிறது என்று இந்தி தெரியாத எங்களுக்கும் புரிந்துவிட்டது. நான் பெட்டியை நிறுத்தப் பாய்ந்தேன். நீ என் வேட்டியைப் பிடித்து இழுத்தாய். தண்ணி அக்கா வந்தாள். தம்ளரைக் கொடுத்தாள். அடியில் கை தாங்கிக்கொண்டிருந்தது. அவள் உதடு அசைந்தது, உன் குரல் வந்தது.

"மொதல்ல இதக் குடிச்சிட்டு அழுவும்மா. தொண்ட காஞ்சிப்பூட்டா அழுவக்கூட முடியாது."

சொல்லிவிட்டு நீ உடைந்தாய். உள்ளே இருந்த பெண்கள் எல்லாரும் உன்னைக் கட்டிக்கொண்டு அழுதார்கள். ஆண்கள் எழுந்து வாசலுக்குப் போனோம். அன்றைக்குக் கொலைகாரன் யார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அன்று சாயங்காலம் நீயாகக் கேட்ட முதல் கேள்வி, "அந்தக் கோடாலிக்காரரு கையி ஆறியிருக்குமாங்க?" என்பதுதான்.

பிறகு இவள் பிறந்தாள், எனக்கு மாற்றலாகி மலையை விட்டு இறங்கினோம், தொடரும் நின்றுபோனது. தண்ணி அக்கா மட்டும் உன்னை விடவில்லை. எந்தச் சாவு வீட்டுக்குப் போனாலும் நீ நேராக அடுப்படிக்குப் போய் ஒரு சொம்பில் தண்ணீர் மொண்டுகொண்டுதான் அழுகிறவர்களிடம் வருவாய். அதே வார்த்தைகளைச் சொல்வாய். சொம்புக்கு அடியில் உன் கை இருக்கும்.

உனக்குக் கடைசியில் அது வாய்க்கவில்லையே, அதை நினைத்தால்தான் எனக்கு ஆறமாட்டேன் என்கிறது. தண்ணீர் தொண்டையில் இறங்காது, புரையேறிவிடும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். நீ கண்ணால் கேட்டாய். நான் துணியை நனைத்து உன் உதட்டில் ஒற்றிக்கொண்டிருந்தேன். ஊருக்கெல்லாம் தண்ணீர் கொடுத்தவளுக்கு ஒரு வாய் கொடுக்க முடியாதவனாகிப்போனேன்.

சரி, நேற்றுக்கு வருகிறேன். இப்போதெல்லாம் படத்துக்குக் கீழே தமிழிலேயே எழுத்து ஓடுகிறது. யார் பேசினாலும் என்ன பேசினார்கள் என்று தெரிந்துவிடும். முதலில் தபால்காரராகத் தியாகதுருகத்தார் வந்தார். "நல்ல சேதியா இருந்தா ஒரு சொம்பு மோரு குடும்மா" என்று நீ அவருக்குப் பேசியது எனக்கு அப்படியே காதில் கேட்டது. கீழே எழுத்தில், "இங்கே கையெழுத்துப் போடுங்கள்" என்று வந்தது. எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. வாட்ச்மேன் கஞ்சியைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை, "ஐயா உள்ளே இருக்கிறார்" என்கிறார், பாவம். நீ பேசியதில் பாதிகூட வரவில்லை அவர்கள் எழுதியது. முடிவில் படத்தை நிறுத்தி நிறுத்திப் பெயர்களைப் படித்தேன். பெண்கள் பெயர் நாலைந்து இருக்கிறது, எது தண்ணி அக்கா என்று இப்போதும் தெரியவில்லை. பார்த்தவர்கள் எழுதியிருந்ததையும் தேடினேன். எல்லாம் குடைக்காரரைப் பற்றித்தான்.

"அடுத்தது போடவாப்பா?" என்று கேட்டு, நான் பதில் சொல்வதற்குள் மகள் போட்டுவிட்டாள். வெள்ளைப் புடவை. சின்னச் சட்டை.

தண்ணி அக்கா அந்தத் தாயிடம் அன்று உண்மையில் என்ன சொன்னாள் என்பது இதோ வரப்போகிறது. "ஐயா வருகிறார், உட்காருங்கள்" என்று மட்டும் சொல்லியிருந்தால்? நீ பிடித்து எழுந்து வந்த கயிறு அது. அந்தப் பக்கம் அதை யாரும் பிடித்திருக்கவே இல்லை என்று இப்போது தெரிந்துகொண்டு நான் என்ன செய்ய? செல்போனை மகள் கையிலிருந்து வாங்கினேன். சத்தத்தைக் குறைத்தேன். எழுத்து வருகிற இடத்தைக் கட்டைவிரலால் மூடிக்கொண்டேன்.

"இன்னாப்பா பண்ற? ஒண்ணும் தெரியல."

அவள் வந்தாள். தம்ளர். அடியில் அந்தக் கை. உதடு அசைந்தது. நீ இல்லை, அதனால் நான்தான் பேச வேண்டும் என்று வாயைத் திறந்தேன். 'மொதல்ல' என்பதுவரை வந்தது. அதற்குமேல் குரல் எழும்பவில்லை. தண்ணி அக்கா ஒன்றும் சொல்லாமலே உள்ளே போய்விட்டாள்.

மகள் என் முகத்தைப் பார்த்தாள். எழுந்து உள்ளே போனாள். ஒரு சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து என் கையில் வைத்தாள். எனக்குப் பிடிமானம் வரும்வரை அவள் கை அடியிலேயே இருந்தது.

"மொதல்ல இதக் குடிச்சிட்டு அழுவுப்பா" என்றாள். "தொண்ட காஞ்சிப்பூட்டா அழுவக்கூட முடியாது."

சாவு வீடுகளில் நீ சொல்ல அவள் கேட்டது. அதற்கு முன்னால் அது எங்கே இருந்தது என்று அவளுக்குத் தெரியாது. நானும் சொல்லவில்லை.

குடித்தேன். பிறகு அழுதேன்.